புது ரேமும் நாலு மணி ஆரி கிளாசும்

போன புதன்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கம்ப்யூட்டர்ல ரேம் மாத்தணும்.

அவ்ளோதான். பழசைக் கழட்டணும், புதுசை மாட்டணும். வீடியோவுல ஒருத்தர் வாயில சூயிங்கம் மென்னுக்கிட்டே மாட்டுறாரு. பாக்கவே அவ்ளோ ஈசியா இருக்குது.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். நான் மரக்காணத்துல உக்காந்துக்கிட்டு ஆன்லைன்ல ஆரி வேலை கத்துக்குடுக்குறேன். அதான், கல்யாண பிளவுஸ்ல பாசியும் முத்தும் வச்சு ஊசியால போடுவாங்களே, அந்த வேலை. இதுக்கு ரெண்டு கேமரா வேணும். ஒண்ணு என் மூஞ்சிக்கு, ஒண்ணு ஊசிக்கு. ஊசியைப் பாக்காம என் மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் ஆரி வராது.

ரெண்டு கேமராவும் ஓடுனா எங்க வீட்டு கம்ப்யூட்டர் தொங்கிடும். அதுக்கு முந்தின வாரம் அப்படித்தான், "இப்ப எல்லாரும் கவனிங்க"ன்னு வாயைத் தொறந்தேன். தொறந்த வாயோட அப்படியே நின்னுட்டேன். நான் இங்க பேசிக்கிட்டே இருக்கேன், அங்க எல்லார் வீட்லயும் என் கடவாப் பல்லு வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டு இருக்குது.

அதை ஒருத்தி போட்டோ புடிச்சு ஸ்டிக்கர் ஆக்கிட்டா. இப்ப குரூப்புல காலைல 'குட் மார்னிங்' அதுலதான் வருது!

அதோட போச்சுன்னு இருந்தா பரவால்ல. கோட்டக்குப்பத்துலேருந்து ஷகிலா போன் பண்ணுச்சு. ஷகிலாதான் எனக்கு ஆள் சேத்துக் குடுத்து குரூப்பைப் பாத்துக்குற பொண்ணு.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சில பேரு வேற டீச்சரைப் பாக்கலாம்னு பேசிக்கிறாங்க. புதன்கிழமையும் தொங்குச்சுன்னா பேட்ச் கலைஞ்சுடும்க்கா."

இது என் மொத பேட்ச். இத்தனை வருஷமா கடைக்காரங்களுக்குப் போட்டுக் குடுத்தேன், பேரு அவங்களுக்குப் போச்சு. "அமுதா டீச்சர்"னு என்னை யாராவது கூப்புடுறது இங்க மட்டும்தான். அதை ஒரு கம்ப்யூட்டர் தொங்கிக் கெடுத்துடுச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?

சரி, பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் புது ரேம் வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனுசன்.

"சிஸ்டத்தை எடுத்துட்டு வாங்க மேடம். நாங்களே மாட்டித் தர்றோம்."

"எதுக்குங்க? கண்ணுக்குத் தெரியாத பாசியை ஊசியில கோக்குறவ நான். இதை மாட்ட மாட்டேனா?"

அவரு பையில போட்டுக் குடுத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு. எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கலை.

புதன்கிழமை மத்தியானம். சாப்புட்டு முடிச்சாச்சு. நாலு மணிக்குத்தான் கிளாஸ். எங்க வீட்டுக்காரரு உப்பளத்துல மோட்டார் பாக்குற ஆளு. விடியறதுக்கு முன்னாடி போயிட்டு மத்தியானம் வந்து, சோத்தைத் தின்னுட்டு ஹால்ல ஃபேனுக்கு அடியில படுத்துடுவாரு. நான் ஸ்க்ரூ டிரைவரோட போறதைப் பாத்துட்டு, கண்ணைத் தொறக்காமலே சொன்னாரு.

"பிரபுவைக் கேட்டுட்டுப் பண்ணு அமுதா."

பிரபு அவரு தம்பி. சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை.

"எதுக்கு? ஒரு ஸ்க்ரூ கழட்டுறதுக்கு சென்னை வரைக்கும் கேக்கணுமா? நீங்க தூங்குங்க."

கழட்டினேன். உள்ள பாத்தா ஒரே இருட்டு. சிபியு டேபிளுக்கு அடியில இருக்குது, இழுத்து வெளிய வைக்க ஒயர் பத்தலை. சரின்னு ஆரி போடுற என் வளைஞ்ச லைட்டைக் கொண்டாந்தேன். டேபிளுக்கு அடியில ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கெடக்குது. அதுல பாதி ஓட்டை உப்புக் காத்துல துருப்புடிச்சு எப்பவோ செத்துப் போச்சு. மிச்சம் இருக்குறதுல கைக்கு வந்த ஒரு ஒயரைப் புடுங்கிட்டு லைட்டைச் சொருவினேன். பளிச்சுன்னு வெளிச்சம்! உள்ள ஒரு வருஷத்துத் தூசி. ஊதினேன். மொத்தமும் என் கண்ணுக்குள்ள வந்துடுச்சு.

கண்ணைக் கசக்கிட்டுப் பழைய ரேமைக் கழட்டினேன். புதுசை எடுத்தேன். அடியில வரிசையா தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்குது. அழகா இருந்துச்சு.

இங்கதான் என் கை சும்மா இருக்கலை.

எங்க ஊர்ல கேட்டுக்கு எண்ணெய், சைக்கிளுக்கு எண்ணெய், கத்திரிக்கோலுக்கு எண்ணெய். ஒரு வாரம் மறந்தா போதும், கேட்டுக் கொண்டி துருப்புடிச்சுக் கையோட வந்துடும். என் ஊசி எல்லாத்தையும் எண்ணெய்ப் பஞ்சுலதான் சொருவி வச்சிருப்பேன். புதுப் பொருளு, தங்கக் கலரு, இந்தக் காத்துல எத்தனை நாளைக்குத் தாங்கும்? தையல் மெஷின் எண்ணெயை விரல் நுனியில தொட்டு, அந்தப் பல்லு மேல லேசா ஒரு இழுப்பு இழுத்துட்டேன்.

மாட்டினேன். 'டக்'னு உக்காந்துச்சு. வீடியோவுல சொன்ன அதே 'டக்'! எனக்குப் பெருமை தாங்கலை. எழுந்திரிச்சு ஸ்விட்சைப் போட்டேன்.

ஃபேன் சுத்துது. சிபியுல பச்சை லைட் எரியுது. ஸ்க்ரீன் கறுப்பு.

ஒரு நிமிஷம் பாத்தேன். ரெண்டு நிமிஷம் பாத்தேன். என் மூஞ்சிதான் அதுல தெரியுது.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். கறுப்பு. கழட்டி மாட்டினேன். கறுப்பு. முருகான்னு சொல்லி ஆன் பண்ணேன். கறுப்பு. சரி, புதுசே வேணாம்டா சாமின்னு பழசையே திரும்ப மாட்டினேன்.

அப்பவும் கறுப்பு!

போச்சுடா. பழசைப் போட்டும் வரலைன்னா என்ன அர்த்தம்? நான் கம்ப்யூட்டரையே கொன்னுட்டேன்னு அர்த்தம். மணியைப் பாத்தா நாலு ஆகப் போவுது.

"ஏங்க, எழுந்திரிங்க! பிரபுவுக்குப் போன் போடுங்க!"

அவரு எழுந்து உக்காந்தாரு. என்னைப் பாத்தாரு, ஸ்க்ரூ டிரைவரைப் பாத்தாரு. போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு.

அதுக்குள்ள என் போன்ல ஷகிலா.

"அக்கா, எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. உங்களைக் காணோம்னு கேக்குறாங்க."

"ஒரு அஞ்சு நிமிஷம்மா. சின்ன வேலை."

"அப்ப போன்லயாச்சும் கிளாசுக்குள்ள வந்து நில்லுங்கக்கா. டீச்சர் பேரு தெரிஞ்சா யாரும் போவ மாட்டாங்க."

நல்ல யோசனைதான். போன்ல கிளாசுக்குள்ள போய், வீடியோவை ஆஃப் பண்ணி, போனை சொம்பு மேல சாய்ச்சு வச்சுட்டு டேபிளுக்கு அடியில பூந்தேன்.

ஸ்பீக்கர்ல பிரபு.

"சொல்லுங்க அண்ணி. எதையாச்சும் தொட்டீங்களா?"

"ரேம் மாத்தினேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"அதுக்கில்ல அண்ணி. மானிட்டர் ஒயரெல்லாம் ஒருவாட்டி பாத்துடுங்க."

"டேய், நான் என்ன எல்கேஜியா? சிபியு பின்னாடி ஸ்க்ரூ போட்டு கெட்டியா இருக்குது. மேல கேளு."

"சரி சரி. கம்ப்யூட்டருக்கு உள்ள எதாச்சும் கோளாறுன்னா அதுவே பீப் அடிச்சுச் சொல்லும். சத்தம் வருதா?"

தலையை சிபியுக்குள்ள வுட்டுக் கேட்டேன். "ஒண்ணும் வரலையே."

"இருங்க அண்ணி... எனக்குக் கேக்குதே! பீங்... பீங்... பீங்னு!"

"எனக்குக் கேக்கலை. ஏங்க, உங்களுக்குக் கேக்குதா?"

"ஃபேன் சத்தம் கேக்குது" அப்படின்னாரு.

"அண்ணா, ரெண்டு பேரும் மொதல்ல காது டாக்டரைப் பாருங்க. தெளிவாக் கேக்குது. விட்டு விட்டு நீட்டா வருது. இது ரேம் பிரச்சனைதான். பல்லுல எதாச்சும் அழுக்கு ஒட்டியிருக்கா அண்ணி?"

மனசு திக்குன்னுச்சு.

"அழுக்கு இல்ல..."

"அப்புறம்?"

"கொஞ்சூண்டு எண்ணெய்."



"அண்ணி... ரேமுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"பல்லுக்கு மட்டும்தாண்டா. துருப்புடிக்கக் கூடாதுன்னு."

எங்க வீட்டுக்காரரு அப்பதான் மொத தடவையா சிரிச்சாரு. வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு! "தலைக்கும் கொஞ்சம் வச்சு வாரி விட்டிருக்கலாம்ல"ன்னு வேற கேக்குறாரு. நான் பாத்த பார்வையில வாயை மூடிக்கிட்டாரு.

"அழி ரப்பர் எடுத்து நல்லாத் தேய்ங்க அண்ணி" அப்படின்னான் பிரபு.

வீட்டைத் தலைகீழாக் கவுத்து ஒரு ரப்பரைக் கண்டுபுடிச்சோம். புதுசு, பழசு ரெண்டையும் தேய்ச்சேன். ஸ்லாட்டைத் துணியால துடைச்சேன். புதுசை மாட்டி ஆன் பண்ணேன்.

"ஆங்! சத்தம் நின்னுடுச்சு!" பிரபு அங்கேருந்து கத்துறான். "சரியாயிடுச்சு அண்ணி! நான் சொல்லலை?"

"கறுப்பாவேதாண்டா இருக்குது!"

"இருக்காதே. அது... இருங்க. மறுபடி வருது. அய்யய்யோ, இப்ப ரெண்டு விதமா வருது அண்ணி. ஒண்ணு நீட்டு, ஒண்ணு குட்டை. நிக்காம வருது."

"அப்படின்னா?"

அவன் குரல் எறங்கிப் போச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல பேசுற மாதிரி பேசுறான்.

"மதர்போர்டு போச்சு அண்ணி. மன்னிச்சுக்குங்க."

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அழுகை வந்துடுச்சு. முந்தானையில மூக்கைத் துடைச்சுக்கிட்டு, அழுகை வந்தா எனக்குக் கூடவே கோவமும் வரும்ல, அது வந்துச்சு.

"எல்லாம் இவளுங்களாலதான்! ஒருநாள் தொங்குனா பொறுத்துக்க மாட்டாளுங்களா? நூல்ல முடிச்சு போடத் தெரியாதவ எல்லாம் வேற டீச்சரைப் பாக்கப் போறாளாம்! முடிச்சே நிக்கலை, அவளுக்கு டீச்சர் சரியில்லையாம்!"

சொம்புக்குப் பக்கத்துலேருந்து ஒரு குரல் வந்துச்சு.

"டீச்சர்... அது என்னையா சொல்றீங்க?"

எனக்கு உசுரே போயிடுச்சு. வீடியோவை ஆஃப் பண்ண நான் மைக்கை ஆஃப் பண்ணவே இல்ல!

அப்ப எண்ணெய் கதை? கேட்டுட்டாங்க. எல்கேஜி? கேட்டுட்டாங்க. நான் மூக்கு சிந்துனது வரைக்கும் மொத்த பேட்சும் உக்காந்து கேட்டிருக்குது. ஒருத்திகூட வெளிய போவலை. ஏன் போவப் போறாங்க?

"அக்கா, நான் எத்தனை மெசேஜ் போட்டேன் தெரியுமா, மைக்கு மைக்குன்னு" அப்படின்னு ஷகிலா தலையில அடிச்சுக்குது. "யா அல்லா, பாக்கவே இல்லையே நீங்க!"

நான் போனைக் கையில எடுத்தேன். அப்ப ரெஜினா பேசுச்சு. ரெஜினா எங்க மரக்காணத்துப் பொண்ணு. கல்யாணம் பண்ணிக்கிட்டு இப்ப ஷார்ஜாவுல இருக்குது.

"டீச்சர், ஒரு நிமிஷம். உங்க கொழுந்தனாருக்குக் கேக்குற சத்தம் எனக்கும் கேக்குது. அது கம்ப்யூட்டர் இல்ல டீச்சர்."

"பின்ன?"

"உப்பு லாரி. ரிவர்ஸ் எடுக்குது."

நானும் எங்க வீட்டுக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். ஜன்னலைப் பாத்தோம்.

எங்க வீட்டுக்கு அடுத்த செவுரு உப்பு குடோன். ஒரு லாரி மூட்டை ஏத்த பின்னாடி வந்துக்கிட்டு இருக்குது, பீங், பீங், பீங். அதுக்குப் பின்னாடி குட்டி யானை வண்டி ஒண்ணு, பீப் பீப் பீப். நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து விடிஞ்சா இருட்டுனா இதே சத்தம்தான். கேட்டுக் கேட்டு எங்க காதுக்கு அது சத்தமாவே படலை!

"டேய் பிரபு" அப்படின்னாரு எங்க வீட்டுக்காரரு, ரொம்ப நிதானமா. "நீயும் இந்த வீட்லதானேடா பொறந்த?"



"சென்னைக்கு வந்து மறந்துடுச்சுண்ணா."

"லாரிக்குத்தான் மதர்போர்டு போச்சுன்னியா?"

மொத்த கிளாசும் சிரிக்குது. எனக்கு ரோஷத்துல காது சூடாயிடுச்சு. மைக்கை ஆஃப் பண்ணலாம்னு விரலைக் கொண்டு போனேன்.

"ஆஃப் பண்ணாதீங்க டீச்சர்" அப்படின்னுச்சு ரெஜினா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "எங்கப்பா அந்தக் குடோன்லதான் மூட்டை தூக்குவாரு. நான் டிபன் எடுத்துக்கிட்டு வந்து நிப்பேன். இந்தச் சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சு. லாரி நிக்கிற வரைக்கும் வுடுங்க டீச்சர்."

நான் போனை ஜன்னல்கிட்ட கொண்டு போனேன். அந்தச் சத்தத்தை நானும் அன்னைக்குத்தான் ஒழுங்காக் கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கர்ண கொடூரம். ஆனா மனசு என்னமோ பண்ணுச்சு.

லாரி நின்னுச்சு. பிரபுதான் மொதல்ல வாயைத் தொறந்தான். "அப்ப சிபியு பீப் அடிக்கவே இல்லன்னா அதுக்கு ஒண்ணும் ஆவலையே. அப்புறம் ஏன் படம் வரலை?"

"அதைச் சொல்லத்தானே உன்னைக் கூப்புட்டேன்!"

இதுக்கு மேல என்னால ஆவாது. "யம்மா, எல்லாரும் என்னை மன்னிச்சுக்குங்க. கம்ப்யூட்டர் இனி வராது. இன்னைக்குப் போன்லயே நடத்துறேன். ஊசி சரியாத் தெரியாது. வேற டீச்சரைப் பாக்குறவங்க பாத்துக்குங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" அப்படின்னு சொல்லிட்டேன்.

துணியை இழுத்துக் கட்டி ஆரி போடுற ஃபிரேம் ஜன்னல் பக்கம் இருக்குது. அங்க வெளிச்சம் வேணுமேன்னு, டேபிளுக்கு அடியில இருந்த என் வளைஞ்ச லைட்டைப் புடுங்கி எடுத்துக்கிட்டுப் போய் அங்க இருக்குற ப்ளக்குல சொருவினேன்.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். உப்புத் தண்ணியில மோட்டார் ஓட்டுற ஆளு இல்லையா, கீழ ஒயர் ஒண்ணு அநாதையாக் கெடந்தா அவருக்கு ஆவாது. டேபிளுக்கு அடியில குனிஞ்சு, அங்க கெடந்த ஒரு ப்ளக்கை எடுத்து, நான் காலி பண்ண ஓட்டையில சொருவினாரு.

மானிட்டர் பளிச்சுன்னு எரிஞ்சுச்சு.

கம்ப்யூட்டர் ஜம்முன்னு ஆன்லதான் இருக்குது. நான் போட்ட மொத கல்யாண பிளவுஸ் போட்டோ முழு ஸ்க்ரீன்ல நிக்குது. கீழ மணி ஓடுது. ஒவ்வொருவாட்டியும் அது பாவம் ஒழுங்கா ஆன் ஆயிருக்குது. நான்தான் கரண்ட் இல்லாத மானிட்டரைப் பாத்து அழுதுட்டு, அதைக் கழுத்தைப் புடிச்சு ஆஃப் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

"என்ன அண்ணி ஆச்சு? யாராச்சும் பேசுங்க!" பிரபு கத்துறான்.

எங்க வீட்டுக்காரரு கையில இருக்குற ஒயரைப் பாத்தாரு. மானிட்டரைப் பாத்தாரு. ஜன்னல் பக்கம் எரியுற என் லைட்டைப் பாத்தாரு. எல்லாம் புரிஞ்சுடுச்சு அவருக்கு.

"அமுதா, லைட்டை எங்க சொருவியிருந்த?"

"கிளாஸ் ஆரம்பிச்சாச்சு. பேசாதீங்க" அப்படின்னுட்டேன்.

ஆரம்பிச்சேன். ரெண்டு கேமராவும் ஓடுச்சு. ஒரு எடத்துலகூடத் தொங்கலை. ஊசி முனை ஏறி எறங்குறது பளிங்கு மாதிரி தெரியுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் திட்டுன பொண்ணு மட்டும் கையைத் தூக்குச்சு.

"டீச்சர், பாசியெல்லாம் அப்புறம். மொதல்ல அந்த முடிச்சைச் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் குடுத்தேன். நின்னுச்சு.

கிளாஸ் முடிஞ்சு ஷகிலா போன் பண்ணுச்சு. "அக்கா, யாரும் போவலை. புதுசா ஆளுங்க வேற சேரணும்னு கேக்குறாங்க."

"பாத்தியா, புது ரேம்!"

"ரேமுக்காக இல்லக்கா. அடுத்த கிளாசுல மைக்கு ஆன்ல இருக்குமான்னு கேக்குறாங்க."

பிரபு இப்ப எங்களுக்குப் போன் பண்ணா, ஹலோ சொல்றதுக்கு முன்னாடி லாரி எதாச்சும் நிக்குதான்னு கேட்டுக்குறான். அவனை நான் வாழ்நாள் பூரா ஓட்டலாம்னு இருந்தேன். முடியலை.

ஏன்னா நேத்து உப்பளத்துல மோட்டார் ஓடலையாம்; அங்க நின்னுக்கிட்டு எங்க வீட்டுக்காரரு எனக்குப் போன் பண்ணிக் கேக்குறாரு: "அமுதா, லைட்டை எங்க சொருவியிருக்க?"